குப்பையிலிருந்து ஆய்வகம் செய்த ஆசிரியர்

அவருடைய பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், டைமண்ட் என்ற சிற்றூருக்கு அருகே 1864ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தார் என்று மட்டும் சொல்கிறார்கள். தாய் மேரி, மோசஸ் கார்வர் என்ற வெள்ளை விவசாயியின் அடிமை. அடிமையின் பிள்ளை பிறந்த நாளை யார் எழுதி வைப்பார்கள்? கைக்குழந்தையாக இருந்தபோதே ஆள்கடத்தும் கும்பல் ஒன்று தாயையும் பிள்ளையையும் தூக்கிச் சென்றது. பிள்ளை மட்டும் திரும்பக் கிடைத்தது. தாய் கிடைக்கவே இல்லை.

அந்தப் பிள்ளைதான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நிலக்கடலை விஞ்ஞானி என்று உலகம் அவரை அறியும். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்றும் பலர் சொல்வதுண்டு, அது சரியல்ல. நாம் இங்கே பேச வந்தது அவருடைய கண்டுபிடிப்புகளைப் பற்றி அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் எப்படிப் பாடம் சொல்லிக் கொடுத்தார் என்பதைப் பற்றி.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்குத் தூரத்துக் கதை அல்ல. மகாத்மா ஃபுலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946இல் டாக்டர் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்களுடைய பள்ளிக்கூடக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டியதும் இருக்கிறது.

அடிமை முறை ஒழிந்த பிறகு மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜை வளர்த்தார்கள். நோஞ்சான் பிள்ளை. கழனி வேலைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. வீட்டு வேலை, தையல், தோட்டம் என்று நாள் போனது. மிச்ச நேரமெல்லாம் காட்டில். செடிகளைப் பிடுங்கி வந்து நட்டுப் பார்ப்பார். பட்டுப்போகும் செடிகளை அக்கம்பக்கத்தார் அவரிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே அவர் செடி வைத்தியர் ஆகிவிட்டார்.

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைக்கு இடமில்லை. சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் இருந்த நியோஷோ என்ற ஊருக்குத் தனியாகப் போனார். அங்கே மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பின மருத்துவச்சி அவரைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அதன்பின் பல ஊர்கள், பல பள்ளிகள். துணி வெளுத்தும் சமையல் வேலை பார்த்தும் படித்தார். கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி தபாலிலேயே இடம் கொடுத்தது. நேரில் போனதும் தோலின் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. 1890இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஓவியம் படித்தார். அவர் செடிகளை அறிந்து வைத்திருப்பதைக் கவனித்த ஓவிய ஆசிரியை, வேளாண்மை படிக்கும்படி தூண்டினார். மறு ஆண்டே அயோவா வேளாண் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் ஆனார். 1894இல் இளநிலைப் பட்டம், 1896இல் முதுநிலைப் பட்டம்.

அதே 1896இல் புக்கர் டி. வாஷிங்டன் அவரை அழைத்தார். அடிமையாகப் பிறந்த வாஷிங்டன், 1881 முதல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கல்வி நிலையம் நடத்திவந்தவர். அங்கே மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளை போட்டுக் கட்டடம் எழுப்பினார்கள்.

கார்வர் போனபோது அங்கே ஆய்வகம் என்று ஒன்றும் இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளுக்குப் போனார். உடைந்த புட்டி, பழைய ஜாடி, கம்பி என்று பொறுக்கி வந்தார்கள். அவையே ஆய்வகக் கருவிகள் ஆயின. அதிகாலையில் நடந்துபோய்ச் செடி, மண், பூச்சி என்று கொண்டுவருவார். மாணவர்களும் தாங்கள் கண்டதைக் கொண்டுவர வேண்டும். அவற்றை மேசையில் வைத்துப் பாடம் தொடங்கும். கைக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கித் தெரியாததை நோக்கிப் போவதே படிப்பு என்பது அவர் நம்பிக்கை.

ஊரைச் சுற்றி இருந்ததோ செத்த மண். ஆண்டாண்டு காலமாகப் பருத்தி மட்டுமே போட்டுச் சாரம் இழந்த நிலம். கறுப்பின விவசாயிகளில் பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள்; கடனில் பிறந்து கடனில் இறந்தவர்கள். தட்டைப்பயறும் நிலக்கடலையும் போட்டால் அவற்றின் வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்பதைக் கல்வி நிலையத்தின் நிலத்திலேயே செய்து காட்டினார். பள்ளிக்கு வர முடியாத விவசாயிகளிடம் பள்ளியே போக வேண்டும் என்று 1906இல் குதிரை வண்டி ஒன்று புறப்பட்டது. கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு அது கிராமம் கிராமமாகப் போனது. சாமானியருக்குப் புரியும் நடையில் 44 சிறு வெளியீடுகளையும் எழுதினார். 1916இல் வந்த ஒன்றில், நிலக்கடலையைப் பயிரிடும் முறையோடு அதை உணவாகச் சமைக்க 105 வழிகளும் இருந்தன.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். டஸ்கீகியின் கல்வியைக் கறுப்பினத் தலைவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. முதலில் கைத்தொழிலும் சொத்தும், உரிமைகள் பிறகு என்று வாஷிங்டன் நினைத்தார். டு போய்ஸ் 1903இல் வெளியிட்ட நூலில் அதைக் கடுமையாக மறுத்தார். உயர்கல்வியும் வாக்குரிமையும் இல்லாமல் தொழில் மட்டும் கற்றுக் கொடுத்தால், கறுப்பினப் பிள்ளை காலமெல்லாம் வெள்ளையரின் வேலையாளாகவே இருப்பான் என்பது அவர் வாதம்.

இந்த அச்சம் நமக்குப் புரியாததல்ல. 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி, தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார். செய்து கற்பது, வாழ்க்கையிலிருந்து கற்பது என்று அதற்கும் அழகான காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் சாவு மேளம் அடிப்பவரின் பிள்ளையும் செருப்புத் தைப்பவரின் பிள்ளையும் எதைக் கற்பார்கள்? பெரியார் உள்ளிட்டோர் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அப்படியானால் கார்வர் வழிக்கும் குலக்கல்விக்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் மண்ணும் உழைப்பும் இருக்கின்றன. கார்வரின் வகுப்பில் மண் தொடக்கம் மட்டுமே. அங்கிருந்து பிள்ளை வேதியியலுக்குப் போகும், தாவரவியலுக்குப் போகும், கடனும் வாரமும் ஒரு குடும்பத்தை எப்படித் தின்கின்றன என்ற கணக்குக்கும் போகும். குலக்கல்வியில் மண்ணே முடிவு. பிள்ளை அப்பன் நின்ற இடத்துக்கே திரும்பும். துணி வெளுத்துப் படித்த கார்வருக்கு அது செலவுக்கான வேலை. அந்த வேலையே அவர் தலையெழுத்து என்று எந்தப் பள்ளியாவது முடிவு செய்திருந்தால், உலகம் ஒரு விஞ்ஞானியை இழந்திருக்கும்.

செயல்வழிக் கற்றல் என்ற சொல் இன்று நம் பள்ளிகளில் பழகிவிட்டது. நல்லதுதான். ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் பாடம் நடக்கட்டும். ஆனால் தலித் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக் கழிப்பறை கழுவ வைத்த செய்திகளும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதற்கு யார் என்ன பெயர் வைத்தாலும் அது கல்வி ஆகாது.

கார்வர் 1943 ஜனவரி 5 அன்று டஸ்கீகியில் காலமானார். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் இளம் ஆய்வாளர்களுக்கான நிதிக்கே விட்டுச்சென்றார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் நம் பெற்றோர் அங்கே இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். இந்த வேலையை வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து செய்கிறார்களா? இதைச் செய்து முடித்த பிறகு என் பிள்ளை எந்தப் பாடத்துக்குப் போகும்?