சவுதார் குளமும் டாக்டர் அம்பேத்கரும்

டாக்டர் பீமராவ் அம்பேத்கர் அவர்களது சரிதத்தை நம் சங்கத்தார் ஓரளவு அறிவர். 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மௌ நகரில் மகார் குலத்துச் சுபேதார் ராம்ஜியின் புதல்வராய்த் தோன்றியதும், பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தாமே தொடவொண்ணாது சேவகன் வந்து திறக்கும்வரை தாகத்தோடு காத்திருந்ததும், நியூயார்க்கிலும் லண்டனிலும் பயின்று பாரிஸ்டராய் மீண்டதும் பன்முறை எழுதப்பட்டவை. ஆதலின் அவற்றை விரித்துரையாது, அவர் வாழ்வில் ஏறக்குறையப் பத்தாண்டு நீடித்த ஒரு வியாஜ்யத்தை மட்டும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம். மனிதனது உரிமைக்குப் பழமை சான்று பகர வேண்டுமோ என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது.

கொலாபா ஜில்லாவிலிருந்த மகாட் நகரின் சவுதார் குளம் முனிசிபாலிடியின் பொறுப்பிலிருந்தது. முகம்மதியர் அதில் நீர் மொள்ளலாம். தீண்டப்படாதாரென ஒதுக்கப்பட்டோர் அணுகலாகாது. பொது நீர்நிலைகளை அவர்களுக்குத் திறந்துவிடுமாறு 1923-இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானித்தது. மறு ஆண்டு முனிசிபாலிடியும் இசைந்தது. எனினும் தீர்மானம் காகிதத்திலேயே நின்றது. 1927 மார்ச்சு 20-ஆம் நாள் அம்பேத்கர் பெருந்திரளான மக்களுடன் சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். அன்றே அடியும் உதையும் விழுந்தன. பின்னர்ச் சாணம், கோமியம் முதலியவற்றை 108 குடங்களில் இட்டுக் குளத்துக்குச் சுத்தி செய்தனர். மனிதர் பருகியதால் கெட்ட நீர் சாணத்தால் தூய்மையுற்ற ரசாயனம் நமக்கு விளங்கவில்லை. முனிசிபாலிடியும் தன் தீர்மானத்தை ரத்து செய்தது.

அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் குளத்துக்குச் செல்ல நாள் குறித்தபோது, மேற்குலத்தார் சிலர் கோர்ட்டில் தடையுத்தரவு பெற்றனர். குளம் தொன்றுதொட்டுத் தமக்கே உரியதென்பது அவர்தம் வாதம். ஆயிரக்கணக்கானோர் துடித்து நின்றும், அம்பேத்கர் உத்தரவுக்கு அடங்கி, நீரைத் தொடாதவாறு அவர்களைத் தடுத்தார்.

வழக்கு கீழ்க்கோர்ட்டுகளைக் கடந்து 1937 மார்ச்சு 17-இல் பம்பாய் ஹைக்கோர்ட்டில் முடிவுற்றது. அம்பேத்கர் பக்கமே ஜயித்தது. ஆனால் ஜயித்த விதத்தை அன்பர்கள் நோக்குக. நீர் அருந்துவது மனிதனது உரிமை என்பதனாலன்று. அவர்களை விலக்கிவைத்த வழக்கம் நினைவுக்கெட்டாக் காலமுதல் உள்ளதென வாதிகள் மெய்ப்பியாமையாலேயே. அநீதி இழைத்தவன் நெடுநாள் இழைத்ததாகக் காட்டினால் வெல்வான், காட்டாவிடில் தோற்பான் என்றாயிற்று! பழைய ஏடொன்று அகப்பட்டிருப்பின் முடிவு யாதாகியிருக்கும்? நம் தமிழ்நாட்டிலேயே கமுதிக் கோயில் வழக்கில் 1908-இல் பிரிவி கவுன்சில் வழக்கத்தையே பிரமாணமாகக் கொண்டு நாடார் சமூகத்தாரின் ஆலயப் பிரவேச உரிமையை மறுத்திருந்தது.

இங்கிலாந்தில் குடிகளின் சுதந்திரங்கள் பழவழக்கத்தின் பேரால் அரசரிடமிருந்து காக்கப்பட்டதை நாம் மறுக்கவில்லை. பாரிஸ்டராகிய அவரும் அதை அறிவார். ஆயினும் பழமையில் பங்கு மறுக்கப்பட்டவனுக்கு அப்பழமை எங்ஙனம் சாட்சி சொல்லும்? அவர் சரித்திரத்தை வெறுத்தவரல்லர்; சூத்திரர் யாவர், தீண்டாமை எவ்வாறு பிறந்தது என ஆராய்ந்து 1946-லும் 1948-லும் நூல்கள் வெளியிட்டவர். சரித்திரத்தை அறிந்துகொள்ளப் பயன்படுத்தினாரேயன்றி, உரிமைக்குப் பட்டாவாகக் கொள்ளவில்லை.

1947-இல் அரசியல் நிர்ணய சபையின் வரைவுக் குழுவுக்குத் தலைவரானார். நகலில் பண்டைய இந்திய ஆட்சிமுறையும் கிராம சமுதாயமும் இடம்பெறவில்லையென்று குறை கூறினோர்க்கு, 1948 நவம்பர் 4-ஆம் நாள், கிராமத்தை விடுத்துத் தனி மனிதனையே அடிப்படையாகக் கொண்டது குறித்துத் தாம் மகிழ்வதாகச் சபையிலேயே விடையிறுத்தார். அதனைக் கேட்டு மனம் புண்பட்டோர் பலர்.

சாசனத்தின் உரிமைப் பகுதி பல அங்கத்தினர் கூடி வகுத்தது. அவரொருவரது கைவேலையென்று நாம் கூறோம். ஆயினும் அடிப்படை உரிமைகளுக்கு மாறான சட்டம் செல்லாதென்னும் 13-ஆம் பிரிவு, சட்டமென்னும் சொல்லில் வழக்கத்தையும் அடக்கியுள்ளது. 15-ஆம் பிரிவோ, அரசாங்கப் பணத்தால் பேணப்படுவனவும் பொதுமக்களுக்கென விடப்பட்டனவுமாகிய கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே, அவற்றினின்று சாதி காரணமாக எவரையும் விலக்கலாகாதென்கிறது. 1950 ஜனவரி 26 முதல் இவை அமலுக்கு வந்தன. அன்றுமுதல், குளத்தில் இறங்குகிறவனிடம் அவன் பாட்டன் இறங்கினானா என்று எந்தக் கோர்ட்டும் கேட்பதற்கில்லை.