ரத்தத்துக்குச் சாயமிட்ட பால் எர்லிக்

ஆஸ்துமா, தீராத தும்மல் என்று டாக்டரிடம் போனால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். வரும் சீட்டில் ஈசினோபில் என்று ஒரு வரி இருக்கும். நூறு வெள்ளை அணுக்களில் அது ஆறுக்கு மேல் போனால், ஒவ்வாமையோ வயிற்றுப் புழுவோ என்று சந்தேகம் வரும். அந்த அணுவுக்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர்.

1854ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி சைலீசியாவிலுள்ள ஸ்ட்ரெலன் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் படிக்கும்போதே துணிச் சாயங்கள் மீது அவருக்கு மோகம். உறவினர் கார்ல் வைகர்ட் காட்டிய வழி அது. விரல்களில் எப்போதும் சாயக் கறை இருக்கும்.

1878இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் சேர்ந்தார். கண்ணாடியில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி, சூடான செப்புத் தகட்டில் உலர்த்திச் சாயமிட்டார். வெள்ளை அணுக்கள் இனம் இனமாகப் பிரிந்து தெரிந்தன. ஆபீசில் சிவப்பு மைக்கு உதவிய ஈசின் சாயத்தை உறிஞ்சிச் செக்கச் சிவந்தவற்றை 1879இல் ஈசினோபில் என்றார். 1888இல் காசநோய் அவரையே பிடித்தது. எகிப்துக்குப் போய் உடல் தேறித் திரும்பினார். 1908இல் நோபல் பரிசு; 1910இல் மேகநோய்க்கு சால்வர்சான் மருந்து.

இத்தனை கண்ட கண்ணுக்கும் ஒன்று தப்பியது. ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். அந்நிய அணுக்களை எதிர்த்த உடல், தன் அணுக்களை மட்டும் தொடவில்லை. ஆகவே எந்த உடலும் தனக்குத்தானே கேடு செய்துகொள்ளாது என்று 1901 வாக்கில் முடிவு கட்டினார். 1904இலேயே வியன்னாவில் டோனத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிர்பட்டால் சில நோயாளிகளின் ரத்தம் தன் சிவப்பணுக்களையே அழிப்பதைக் காட்டினார்கள். பெரியவரின் சொல்லுக்கு முன் அது எடுபடவில்லை. 1915 ஆகஸ்ட் 20இல் எர்லிக் காலமானார். கொள்கை மட்டும் வைத்தியர்களைக் கட்டிப்போட்டிருந்தது.

இன்று லூபஸ், மூட்டுவாத நோயாளிகளின் ரத்தத்தில் தேடுவதே உடல் தனக்கெதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான். அதற்கான வழி நன்கு திறந்தது 1956இல். அமெரிக்காவின் பஃபலோ நகரில் ரோஸ் என்ற இளைஞர், முயலுக்கு முயலின் தைராய்டுச் சாற்றையே ஊசியில் ஏற்றினார். முயலின் உடல் தன் சுரப்பியையே தாக்கியது. அவருடைய தலைவர் விட்டெப்ஸ்கி, எர்லிக்கிடம் பணியாற்றிய ஹான்ஸ் சாக்ஸின் மாணவர். தம் கூடத்து முடிவையே நம்பாமல், திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவைத்த பிறகே அச்சுக்கு அனுப்பினார்.