கொம்பு தந்த முகவரி

நம்மில் பலருக்கு லூயி ஆம்ஸ்ட்ராங்கை அறிமுகப்படுத்தியது 1967-இல் வெளிவந்த 'வாட் எ வண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாடலாகத்தான் இருக்கும். கரகரத்த குரல், அகன்ற சிரிப்பு, கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. உலகம் அழகானது என்று பாடிய அந்த மனிதருக்கு அவருடைய இளமையில் உலகம் எந்த முகத்தைக் காட்டியது? அதைத் தேடிப் படித்த பிறகுதான் நான் அவர் இசையைச் செவிகொடுத்துக் கேட்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1901 ஆகஸ்டு 4-ஆம் நாள் லூயி பிறந்தார். ஆனால் தாம் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே கடைசி வரை சொல்லி வந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்துதான் சரியான தேதி தெரிய வந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை பிரிந்து போனார். முதலில் பாட்டியும் பிறகு தாய் மேயானும் வளர்த்தார்கள். அடிதடிக்குப் பேர்போன அவர்களுடைய பகுதியைப் 'போர்க்களம்' என்றே ஊரார் அழைத்தார்கள்.

அந்த வயதில் அவனுக்கு ஆதரவாக இருந்தது கார்னாஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பம். லித்துவேனியாவிலிருந்து குடியேறியவர்கள், பழைய சாமானும் நிலக்கரியும் விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களுடைய வண்டியில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்களை அழைக்கத் தகர ஊதல் ஊதுவது சிறுவன் லூயியின் வேலை. அடகுக் கடையில் ஐந்து டாலர் விலையில் இருந்த ஒரு பழைய கார்னெட்டை வாங்க அவர்கள்தாம் முன்பணம் கொடுத்து உதவினார்கள். கார்னெட் என்பது டிரம்பெட்டைவிடச் சற்றுக் குட்டையான பித்தளைக் கொம்பு. 1969-இல் நியூயார்க் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது, இந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாகத் தம் கைப்பட எழுதினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வீட்டுச் சோறு அவருக்கு மறக்கவில்லை.

1912 டிசம்பர் 31 இரவு. புத்தாண்டைக் கொண்டாட ஊரே வெடி வெடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த துப்பாக்கியை எடுத்து வந்த பதினொரு வயது லூயி தெருவில் நின்று சுட்டான். கைது செய்தார்கள். மறுநாளே கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த புதிதில் அவன் சாப்பிடவும் மறுத்தான். அங்கே இசை கற்றுக் கொடுத்த பீட்டர் டேவிஸ் அவனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. போர்க்களப் பகுதியிலிருந்து வந்தவன் வேறு எப்படி இருப்பான் என்ற எண்ணம்தான் காரணம். ஒதுக்கப்பட்டவர்களின் கூட்டத்திலும் ஒதுக்கப்பட்டவனாக இருப்பது எவ்வளவு கொடுமை!

ஆனாலும் லூயி பொறுமையாகக் காத்திருந்தான். வாத்தியக் குழுவின் பயிற்சியை ஓரமாக உட்கார்ந்து கவனித்தான். டேவிஸின் மனம் சிறிது சிறிதாக இளகியது. முதலில் தம்பூரின், பிறகு முரசு, அடுத்து ஆல்ட்டோ கொம்பு என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பிள்ளைகளை எழுப்பவும் உணவுக்கு அழைக்கவும் ஊதும் பியூகிளும் அவன் கைக்கு வந்தது. அது பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. லூயி அதைப் பளபளவெனத் துலக்கி வைத்தான். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தன்னுடையது என்று சொல்ல ஒரு பொருள் கிடைத்ததும் அந்தப் பையனிடம் வந்த அக்கறையைப் பாருங்கள்! பிறகு கார்னெட் கிடைத்தது. குழுவின் தலைவன் பொறுப்பும் வந்தது. ஒருநாள் அந்தக் குழு சீருடையில் அவன் வாழ்ந்த தெரு வழியாகவே அணிவகுத்துச் சென்றது. சூதாடிகளும் அக்கம்பக்கத்தாரும் அள்ளிப் போட்ட காசில் குழுவுக்கே புதுச் சீருடையும் கருவிகளும் வாங்க முடிந்ததாக அவர் பின்னாளில் எழுதினார்.

சிறைதான் அவரை உருவாக்கியது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வேட்டுச் சத்தத்துக்காகப் பதினொரு வயதுப் பிள்ளையை ஒன்றரை ஆண்டு அடைத்து வைத்ததற்கா நன்றி சொல்வது? அவரை உருவாக்கியது அந்த வாத்தியக் குழு. அதை அவனுக்கு வெளியிலேயே கொடுத்திருக்கலாம்.

1914-இல் விடுதலையாகி, பகலில் நிலக்கரி வண்டி ஓட்டி, இரவில் மதுக்கூடங்களில் வாசித்தார். கிங் ஆலிவர் என்ற பெரிய கலைஞர் தம் பழைய கார்னெட்டைத் தந்து வழிகாட்டினார். 1922-இல் அவரே சிகாகோவுக்கு அழைத்தார். அம்மா கட்டித் தந்த மீன் ரொட்டியுடன் லூயி இரயில் ஏறினார். 1925 முதல் 1928 வரை அவர் செய்த ஒலிப்பதிவுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின.

ஆனால் சொந்த ஊர்? 1931-இல் புகழோடு திரும்பி வந்தவரை வானொலியில் அறிமுகப்படுத்த வெள்ளை அறிவிப்பாளர் மறுத்துவிட்டார். ஆம்ஸ்ட்ராங் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொண்டு வாசித்தார். வெள்ளையருக்கு மட்டுமேயான அந்த அரங்குக்கு வெளியே கறுப்பின மக்கள் திரளாக நின்று கேட்டார்கள். அந்தப் பயணத்தின்போதே பழைய சீர்திருத்த இல்லத்துக்கும் சென்று பிள்ளைகளைப் பார்த்து வந்தார். 1956-இல் இரு இனத்தாரும் ஒரே மேடையில் வாசிக்கக்கூடாது என்று லூசியானா மாநிலம் சட்டம் போட்டது. அவருடைய குழுவிலோ இரு இனத்தாரும் இருந்தனர். அதனால் பல ஆண்டுகள் அவர் அங்கு வாசிக்கவே இல்லை. 1965-இல்தான் திரும்பவும் போனார். அப்போது முதியவராகிவிட்ட பீட்டர் டேவிஸ் உயிரோடு இருந்தார்; ஆசிரியரும் மாணவரும் சந்தித்துக்கொண்டார்கள்.

1971 ஜூலை 6-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்த தம் வீட்டில் லூயி ஆம்ஸ்ட்ராங் காலமானார். அடக்கம் செய்ததும் அங்கேதான். நியூ ஓர்லியன்ஸ் தன் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது 2001-இல்.