வத்தலக்குண்டு தந்த நாவலாசிரியர்

பெரிய காரியங்களைச் செய்வதற்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று எண்ணுவோர் ராஜமையரின் சரித்திரத்தை அவசியம் அறிய வேண்டும். அவர் இவ்வுலகில் இருந்தது இருபத்தாறு ஆண்டுகளே. அதற்குள் தமிழுக்கு ஓர் அரிய நாவலையும், பாரத தேசத்துக்கு ஒரு சிறந்த பத்திரிகையின் முதற் சில ஆண்டுகளையும் அளித்துச் சென்றார்.

பி. ஆர். ராஜமையர் 1872-ம் ஆண்டில், அக்காலத்து மதுரை ஜில்லாவைச் சேர்ந்த வத்தலக்குண்டில் பிறந்தார். மதுரையில் கற்றபின் சென்னை கிறிஸ்தவக் கலாசாலையில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் சட்டமும் படித்தார். ஆயினும் வக்கீல் தொழில் அவரை ஆட்கொள்ளவில்லை. ஆங்கிலம் கற்றவன் உத்தியோகத்துக்கும் கோர்ட்டுக்குமே உரியவன் என்று ஜனங்கள் நம்பியிருந்த காலம் அது. தாய்ப்பாஷையில் எழுதுவதைக் கௌரவக் குறைவென்று கருதிய பட்டதாரிகள் பலர். ராஜமையரோ கம்பரிலும் தாயுமானவரிலும் தோய்ந்த உள்ளத்தோடு, சி. வி. சுவாமிநாதையர் நடத்திய விவேக சிந்தாமணியில் 1893 முதல் 1895 வரை கமலாம்பாள் சரித்திரத்தை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றே.

வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-லேயே வெளிவந்திருந்தது. முதல் நாவல் என்ற பெருமை அதற்கே உரியது. ஆனால் ஒரு கிராமத்தை அதன் தெருவோடும் பேச்சோடும் நம் கண்முன் நிறுத்தியவர் ராஜமையர். இங்கிலாந்தில் ஹார்டி தம் நாட்டின் ஒரு மூலையைக் கதைகளால் உலகறியச் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், இவர் மதுரைச் சீமையின் சிறுகுளத்தை நமக்குக் காட்டினார். முத்துஸ்வாமி அய்யரின் இல்லறமும், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையின் வெகுளித்தனமும், பேயாண்டித் தேவனின் துணிவும் படித்தவர் மனத்தை விட்டு அகலா. வேலையற்ற வாயில் பிறக்கும் அபவாதம் ஒரு நல்ல குடும்பத்தை எவ்விதம் குலைக்கிறது என்பதே கதையின் உயிர். ஊர் வம்பை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கவைத்த ஆசிரியரே, அதன் விஷத்தையும் காட்டி நம்மைத் திடுக்கிடச் செய்கிறார்.

குறையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். கதையின் பிற்பகுதி வேதாந்த விசாரத்தில் இறங்குவதால் முற்பகுதியின் ஓட்டம் தளர்கிறது. கிராமம் முழுவதையும் அவர் காட்டினார் என்பதற்கில்லை. அக்கிரகாரத்தைக் கண்ட அளவு தெளிவாக வயலில் உழைப்போரின் குடிசைகளை அவர் காணவில்லை. எனினும், தாம் அறிந்ததை அறிந்தவாறே எழுதும் நேர்மை அவரிடம் இருந்தது.

வேதாந்தம் அவருக்கு வெறும் வாய்ப்பேச்சன்று. சுவாமி விவேகானந்தரின் ஊக்கத்தால் 1896 ஜூலையில் சென்னையில் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாதப் பத்திரிகை தோன்றியபோது, இருபத்துநான்கு வயதான ராஜமையரே அதன் முதல் ஆசிரியரானார். அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதியன்றுதான் மதுரையிலிருந்து புறப்பட்ட பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் நம் அருணாசலத்தை வந்தடைந்தார். அவரே பின்னர் ரமண மகரிஷி என உலகம் போற்றியவர். ஒரே சீமை, ஒரே ஆண்டு. ஒருவர் மௌனத்தை நாடினார், மற்றவர் எழுதுகோலை ஏந்தினார்.

1898 மே மாதத்தில் ராஜமையர் காலமானார். ஆசிரியரை இழந்த பத்திரிகை சென்னையில் நின்றுபோயிற்று. சில வாரங்களில் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் மீண்டும் உயிர்பெற்றது. அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் 1905-ல் நூலாக வெளிவந்தன.

ஆங்கிலக் கல்வியைத் தமிழரிடமிருந்து விலகுவதற்கு ஏணியாகக் கொள்ளலாம். தமிழரிடம் திரும்பி வருவதற்குப் பாதையாகவும் கொள்ளலாம். ராஜமையர் இரண்டாவதைச் செய்தார். தேசத்தொண்டு புரிய விரும்பும் இளைஞர்கள் முதலில் தங்கள் ஊரை அறிந்துகொள்ளட்டும். சொந்தக் கிராமத்தின் சுகதுக்கங்களை உணராதவன் தேசத்தின் பெயரால் பேசும் பேச்சில் சாரம் இராது என்பதே நம் அபிப்பிராயம்.