அநாதைப் பிள்ளைகளின் இசை வாத்தியார்



மழையையும் வெயிலையும் ஓவியமாகத் தீட்டலாம், கவிதையாகப் பாடலாம். ஒரு வார்த்தைகூட இல்லாமல், வயலின் தந்தியிலே அவற்றைக் காட்ட முடியுமா? முடியும் என்று செய்து காட்டியவர் அந்தோனியோ விவால்டி.

இவர் 1678-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள், இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தார். முடிதிருத்தும் தொழில் செய்து, பிறகு வயலின் கலைஞரான அப்பாவே முதல் குரு. சின்ன வயசிலிருந்தே மூச்சிறைப்பு நோய் இவரை வாட்டியது. 1703-இல் பாதிரியாரானார். தலைமுடி செக்கச் செவேலென்று இருந்ததால், செந்தலைப் பாதிரியார் என்ற பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது.

அதே ஆண்டில் பியெத்தா என்னும் அநாதை இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகள் வளர்ந்த இடம் அது. அங்கிருந்த பெண் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர்கூடக் கிடையாது. அன்னா மரியா என்ற பெண்ணுக்கு வயலினே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருக்காகவே விவால்டி பல இசைக்கோவைகள் எழுதினார். கோயில் மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்து அப்பெண்கள் வாசித்ததைக் கேட்க வெளிநாட்டாரும் தேடி வந்தார்கள்.

அப்படிப்பட்ட ஆசிரியருக்கும் சோதனை வந்தது. 1709-இல் நிர்வாகக் குழு ஓட்டெடுத்தது. 7-க்கு 6, ஒரே ஓட்டில் வேலை போயிற்று! அவர் மனம் தளர்ந்து எழுதுவதை நிறுத்தவில்லை. 1711-இல் அதே இல்லம் ஒருமனதாக அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

1725-இல் ‘நான்கு பருவங்கள்’ ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வெளிவந்தது. பருவத்துக்கு ஒரு கோவை. ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள். ஒரு வயலின் முன்னே நின்று பேசும். மற்றத் தந்தி வாத்தியங்கள் சேர்ந்து பதில் சொல்லும். வசந்தத்தில் பறவைகள் கூவும். ஆட்டிடையன் அயர்ந்து தூங்க, அவன் நாய் குரைப்பதுகூடக் கேட்கும். கோடையில் வெயில் வாட்டும். கடைசியில் இடியும் ஆலங்கட்டி மழையும் விளைந்த பயிரை அடித்து நாசமாக்கும். இலையுதிர் காலத்தில் குடியானவர்கள் அறுவடை முடித்து ஆடுவார்கள். குளிர்காலத்தில் பற்கள் கிடுகிடுக்கும். அடுத்து, வெளியே மழை சொட்ட, வீட்டுக்குள்ளே கணப்பருகில் அமைதி. நூலைச் சமர்ப்பித்தது என்னவோ ஒரு பிரபுவுக்குத்தான். ஆனால் இசைக்குள்ளே இடம் பிடித்தவர்கள் இடையனும் உழவனும்!

காலம் மாறியது, மக்களின் ரசனையும் மாறியது. பிழைப்புத் தேடி வியன்னா சென்றவர், 1741 ஜூலை 28-இல் வறுமையில் இறந்தார். ஏழைக்குரிய எளிய அடக்கம். அவர் இசையையும் உலகம் மறந்தது.

1926-இல் இத்தாலியில் ஒரு பள்ளிக்கூடம் பணத் தேவைக்காகத் தன் பழைய ஏடுகளை விற்க முன்வந்தது. பார்த்தால், விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள்! மீதிப் பாதி இன்னொரு குடும்பத்தாரிடம் கிடைத்தது. அவற்றை விலைக்கு வாங்கித் தூரின் நகரின் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தவர்கள் இருவர். இருவருமே சின்னஞ்சிறு மகனைப் பறிகொடுத்த தகப்பன்மார். மௌரோ, ரென்சோ என்ற அந்தப் பிள்ளைகளின் பெயரிலேயே ஏடுகள் இன்றும் காக்கப்படுகின்றன.

பெயரில்லாப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரின் உழைப்பு, இரண்டு பிள்ளைகளின் பெயரால் திரும்பி வந்தது. இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, வாங்காத பிள்ளைகளே! ஒரு ஓட்டில் தோற்றவரின் இசையைத்தான் உலகம் இன்று கேட்கிறது. உழைப்பு ஒருநாளும் வீண்போகாது.