ஒரு காசுப் பத்திரிகை தந்த தமிழவேள்

அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் பத்திரிகை ஒன்று வந்தால் போதும். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் வாசிப்பார். பால்வெட்டு முடிந்து வந்த பத்துப் பேர் லயத்து வாசலில் குந்திக் கேட்பார்கள். அப்படிக் கேட்டுத்தான் நம்மவர்கள் உலகத்தைத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதற்கு வழி செய்தவர்களில் ஒருவரை நாம் மறக்கலாமா?

தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்தவர். பெரியாரின் சீர்திருத்தக் கொள்கையில் பிடிப்புள்ளவர். 1935இல் தமிழ் முரசு ஏட்டைத் தொடங்கினார். விலை ஒரே காசு! ஏழையும் வாங்கலாம். வார ஏடு பிறகு நாளேடாயிற்று.

சாதி பார்க்காதே, குடிக்காதே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று ஓயாமல் எழுதினார். 1950களில், இந்த மண்ணிலேயே குடியுரிமை எடுங்கள் என்று மன்றாடினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வேண்டுமென்று நிதி திரட்டினார், உழைப்பாளிகளும் தந்தார்கள்.

அவருக்கும் சோதனை வந்தது. 1963இல் அவர் ஏட்டின் தொழிலாளர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏடு நின்றது, பிறகு மீண்டும் வந்தது. 1974இல் அவர் மறைந்தார்.

சேதி தெரியாமல் பாரம் எழுதாமல் விட்டவர்களின் பிள்ளைகள் பட்ட பாட்டை நாம் கண்டோம். இன்று கைபேசியிலேயே செய்தி ஓடி வருது. ஆனாலும் படிக்காதவருக்கு அது வராத செய்திதானே? தினமும் கொஞ்ச நேரம் படிப்போம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுவோம்.