மைதானத்தை நகரத்திடம் ஒப்படைத்த பெண்மணி

சிறுவர்களும் இளைஞர்களும் விளையாட ஓர் இடம் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதில்லை. அந்த இடத்தை வழங்குவது யார், அதற்குக் கைமாறாகப் பெற்றவர்கள் எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளிலேயே சிக்கல் ஆரம்பமாகிறது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இக்கேள்விகள் எழுந்தபோது, அவற்றுக்கு இருவேறு விடைகள் அருகருகே வளர்ந்தன. ஒரு விடை நகரெங்கும் பொது மைதானங்களாகவும் உடற்பயிற்சி மண்டபங்களாகவும் உருப்பெற்றது. மற்றையது 1919ஆம் ஆண்டில் வீதிகளில் இரத்தம் சிந்தியது. முதலாவது விடைக்காகத் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவர்களுள் முக்கியமானவர் ஜேன் அடம்ஸ்.

சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதலாவது அமெரிக்கப் பெண்மணி என்ற வகையிலேயே அவரது பெயர் இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. அப்பரிசு அவருக்குக் கிடைத்தது 1931ஆம் ஆண்டில். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர் மாநகரசபையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார் என்பதோ, அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதி மணற்குவியலுக்கும் ஊஞ்சலுக்கும் பந்தாட்டத் திடலுக்குமானது என்பதோ அதிகம் பேசப்படுவதில்லை.

1860ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் திகதி இலினோய் மாநிலத்தின் சீடர்வில் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் ஆலை உரிமையாளர், மாநில செனட் சபை உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனின் நண்பர். இரண்டு வயதிலேயே தாயை இழந்த அக்குழந்தையை நான்காவது வயதில் முள்ளந்தண்டில் ஏற்பட்ட காசநோய் தாக்கியது. முதுகு வளைந்தது, நடையும் பாதிக்கப்பட்டது. ஏனைய பிள்ளைகளோடு சரிசமமாக ஓடியாட இயலாத பிள்ளைப் பருவம் அவருடையது. அவரே பின்னாளில் ஒரு பெருநகரின் பிள்ளைகள் ஓடியாடுவதற்காக வாதாடினார்.

1881ஆம் ஆண்டு ரொக்ஃபோர்ட் பெண்கள் கல்லூரியில் கல்வியை நிறைவு செய்த சில வாரங்களில் தந்தையாரும் காலமானார். மருத்துவக் கல்வியை ஆரம்பித்து, உடல்நலக் குறைவினால் இடைநடுவில் கைவிட்டார். பின்னர் ஐரோப்பாவுக்குச் சென்றவர், லண்டனின் கிழக்குப் பகுதியில் படித்த இளைஞர்கள் வறியோர் மத்தியில் குடியமர்ந்து பணியாற்றிய டொய்ன்பீ மண்டபத்தைக் கண்டார். ஊர் திரும்பியதும் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து, 1889 செப்டெம்பர் 18ஆம் திகதி சிக்காகோவின் ஹோல்ஸ்டட் வீதியிலிருந்த ஒரு பழைய மாளிகையில் குடிபுகுந்தார். அதுவே ஹல் ஹவுஸ்.

அந்த வட்டாரம் நகரின் பத்தொன்பதாவது வட்டாரம். இத்தாலியர், கிரேக்கர், ஐரிஷ்காரர், ஜேர்மனியர், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர் எனப் பல இனத்தவரும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. குப்பை அகற்றப்படாத சந்துகள், காற்றோட்டமற்ற பலகை வீடுகள். தொழிற்சாலையில் பகலெல்லாம் உழைத்த பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மாலையில் எஞ்சியிருந்தவை வீதியும் மதுச்சாலையும் மலிவான நடன மண்டபமுமே. வீதியில் பந்தாடினால் பொலிஸார் பிடித்தனர். ரயில் பாதையில் விளையாடினாலும் பிடித்தனர்.

ஹல் ஹவுஸ் 1893ஆம் ஆண்டளவில் ஓர் உடற்பயிற்சி மண்டபத்தைத் திறந்தது. ஆண்களுக்கு மட்டுமன்றிப் பெண்களுக்கும் அங்கு பயிற்சி வகுப்புகள் நடைபெற்றன. தையற்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் குனிந்தே இருந்த யுவதிகள் மாலையில் கூடைப்பந்தாடினர். அக்காலத்தில் இது சாதாரண விடயமல்ல.

மைதானத்தின் கதை இதைவிடச் சுவையானது. ஹல் ஹவுஸுக்கு அருகில் மிக மோசமான நிலையிலிருந்த குடியிருப்புகள் சிலவற்றின் உரிமையாளர் வில்லியம் கென்ட் என்ற இளைஞர். பரம்பரைச் சொத்தாக அவை அவருக்குக் கிடைத்திருந்தன. அவற்றின் அவலம் பகிரங்கமாகக் கண்டிக்கப்பட்டபோது கென்ட் வெகுண்டெழவில்லை. அந்த இடத்தையே இலவசமாகப் பயன்படுத்துமாறு ஜேனிடம் கையளித்தார். வீடுகளைத் திருத்தி வாடகைக்கு விட்டு, அவ்வருமானத்தில் ஹல் ஹவுஸை நடத்தியிருக்கலாம். ஜேன் அவ்வாறு செய்யவில்லை; அவற்றை இடித்துத் தரைமட்டமாக்கினார். ஒரு ஏக்கருக்கும் குறைந்த அந்த நிலத்தில் சிறு பிள்ளைகளுக்கு மணலும் ஊஞ்சலும், வளர்ந்த பையன்களுக்குப் பந்தாட்டத்துக்கான இடமும் அமைந்தன. சிக்காகோவின் முதலாவது பொது விளையாட்டு மைதானமாக அதுவே கருதப்படுகிறது. தங்க இடமில்லாதோர் நிறைந்த பகுதியில் வீடுகளை இடித்து மைதானம் அமைத்தது சரிதானா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. அங்கு வசித்த குடும்பங்கள் வேறிடம் தேடியே போக வேண்டியிருந்தது.

சுமார் பத்தாண்டுகள் அம்மைதானத்தை நடத்திய பின்னர் ஜேன் அதை நகரின் பொறுப்பில் ஒப்படைத்தார். தனியாரின் தயவில் இயங்கும் மைதானம், தயவு நீங்கும்போது மறைந்துவிடும். நகரின் வரிப்பணத்தில் இயங்கும் மைதானமோ வரி செலுத்துவோரின் உரிமை. முன்மாதிரியைக் காட்டுவது தமது வேலை, அதை நிலைபெறச் செய்வது நகரின் கடமை என்பதே அவரது நிலைப்பாடு.

ஆனால் அந்த நகரத்தின் நிருவாகம் யார் கையில் இருந்தது? பத்தொன்பதாவது வட்டாரத்தின் மாநகரசபை உறுப்பினர் ஜோன் பவர்ஸ். கிறிஸ்மஸ் வந்தால் வீடு வீடாக வான்கோழி அனுப்புவார். மரணச் செலவை ஏற்பார், வேலையற்றவனுக்கு நகரசபையில் வேலை பெற்றுக்கொடுப்பார், பிடிபட்ட பையனைப் பொலிஸிலிருந்து மீட்டெடுப்பார். மறுபுறத்தில், டிராம் கம்பனிகளுக்கு வீதி உரிமங்களை வாரி வழங்குவதில் அவரே முன்னணியில் நின்றார். வட்டாரத்தின் குப்பையோ அள்ளப்படாமலே கிடந்தது. 1895இல் மேயர் ஜேனையே அந்த வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகராக நியமித்தார். ஆண்டுக்கு ஆயிரம் டொலர் சம்பளம். விடியற்காலையிலேயே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் போனார் அந்தக் கனவான் வீட்டுப் பெண்.

பவர்ஸைத் தேர்தலில் தோற்கடிக்க ஹல் ஹவுஸ் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. அவர்கள் பாடுபட்டு சபைக்கு அனுப்பிய ஒருவரைப் பவர்ஸ் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். 1896இலும் 1898இலும் நேரடியாக மோதியபோதும் அவரே வென்றார். தோல்வியிலிருந்து ஜேன் கற்ற பாடம் கவனத்துக்குரியது. மக்களை மூடர்கள் என்று அவர் இகழவில்லை. ஏழையின் கண்ணுக்குப் பவர்ஸ் ஒரு நல்ல அயலவர். சீர்திருத்தம் பேசுபவர்களோ தொலைவில் நிற்கும் கனவான்கள். பொது நிருவாகம் செய்ய வேண்டியதைச் செய்யாது விடும்போது, அந்த வெற்றிடத்தில் உபகாரி வந்து அமர்கிறான், பொதுப் பணத்தையே தன் கொடையாகக் காட்டுகிறான் என்று அவர் 1898இல் எழுதினார். தேர்தல் காலத்தில் விளையாட்டுக் கழகங்களுக்கு மட்டையும் பந்தும் சீருடையும் வந்து சேர்வதைக் கண்டு பழகிய நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வட்டாரத்தில் தோற்றவர் நகரத்தில் வெல்லத் தொடங்கினார். 1898இல் பாடசாலை வளவுகளில் விளையாட்டிடங்களை நடத்த மாநகரசபை ஆயிரம் டொலரை ஒதுக்கியது. அற்பத் தொகைதான். எனினும் மறு ஆண்டே சிறு பூங்காக்களுக்கான விசேட ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1899இலேயே, ஹல் ஹவுஸ் பெண்கள் உள்ளிட்டோரின் முயற்சியினால், அந்நாட்டின் முதலாவது சிறுவர் நீதிமன்றமும் சிக்காகோவில் தோன்றியது. 1905ஆம் ஆண்டில் தென் பூங்கா ஆணைக்குழு தொழிலாளர் குடியிருப்புகளுக்கு மத்தியில் பத்துப் பூங்காக்களைத் திறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. நீச்சல் தடாகம், ஓட்டப்பாதை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உடற்பயிற்சி மண்டபங்கள், குளியலறைகள், கூட்ட மண்டபம் என அனைத்தும் வரிப்பணத்தில் அமைந்தன. பயிற்சியளிக்கச் சம்பளம் பெறும் ஆசிரியர்களும் இருந்தனர். 1906இல் அமெரிக்க விளையாட்டு மைதானச் சங்கம் உருவானபோது ஜேன் அதன் உபதலைவர்களுள் ஒருவரானார். அதன் முதலாவது மாநாடு 1907இல் சிக்காகோவிலேயே கூடியது. 1909இல் இளமையும் நகர வீதிகளும் பற்றித் தனி நூலொன்றையே எழுதினார். சிறுவர் நீதிமன்றத்துக்கு வரும் பையன்களில் பலர் தேடியது குற்றத்தையல்ல, சாகசத்தையே என்பது அந்நூலின் வாதம்.

இதே ஆண்டுகளில் மற்றைய விடையும் வளர்ந்தது. பூங்கா ஆணைக்குழு எட்டாத தெருமுனைகளில் இளைஞர்களுக்கு அரசியல்வாதிகள் கழகங்கள் அமைத்துக்கொடுத்தனர். அவற்றுக்குத் தடகளக் கழகங்கள் என்றே பெயர். வாடகையை அரசியல்வாதி செலுத்துவார். கழகத்துப் பையன்கள் தேர்தல் நாளில் அவருக்காக வேலை செய்வார்கள். மாவட்ட ஆணையாளர் ஃபிராங் ரேகனின் பெயரைத் தாங்கிய ரேகன்ஸ் கோல்ட்ஸ், ஹம்பர்க் கழகம் ஆகியவை இவற்றுள் பேர்போனவை.

1919 ஜூலை 27ஆம் திகதி, கடும் வெப்பம் நிலவிய ஞாயிற்றுக்கிழமை, மிச்சிகன் ஏரியில் மிதவையில் விளையாடிக் கொண்டிருந்த யூஜீன் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையர் தமதெனக் கருதிய கரையை நெருங்கினான். கரையிலிருந்து கற்கள் வந்தன; சிறுவன் நீரில் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் கைது செய்யப் பொலிஸ்காரர் மறுத்தார். மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். காயமடைந்தோர் ஐந்நூறுக்கும் மேல். விசாரித்த ஆணைக்குழு 1922இல் வெளியிட்ட அறிக்கை தடகளக் கழகங்களை நோக்கியே விரலை நீட்டியது. அவை இல்லாதிருந்தால் முதல் மோதலுக்கு அப்பால் கலவரம் பரவியிருக்குமா என்பதே சந்தேகம் என்று அது கருதியது.

பொது மைதானங்களும் களங்கமற்றவையல்ல என்பதையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை. சட்டப்படி அனைவருக்கும் உரிய பூங்காக்கள் சிலவற்றுக்குக் கறுப்பினப் பிள்ளைகள் போனால் அடிவாங்கித் திரும்ப நேர்ந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசிய சங்கத்தின் தோற்றத்தில் 1909இல் பங்கெடுத்தவர் ஜேன். ஆயினும் ஹல் ஹவுஸின் கழகங்களிலேயே அம்மக்களுக்குரிய இடம் மெதுவாகவே கிடைத்தது என ஆய்வாளர்கள் குறை கூறுவதுண்டு. அக்குறையில் உண்மை இருக்கிறது.

முதலாம் உலகப் போரை எதிர்த்தமையால் அவர் துரோகியெனத் தூற்றப்பட்ட காலமொன்றும் இருந்தது. மரியாதை மீண்டும் திரும்பப் பல ஆண்டுகள் சென்றன. 1935 மே 21ஆம் திகதி காலமானபோது அவரது உடல் ஹல் ஹவுஸில் வைக்கப்பட்டது. அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கானோர் வந்தனர்.

ஹம்பர்க் கழகத்தின் தலைவராக 1924இல் ஓர் இளைஞர் தெரிவானார். கலவரம் நடந்தபோது அவருக்கு வயது பதினேழு. அந்நாட்களில் தாம் எங்கிருந்தார் என்பதை அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ரிச்சர்ட் டேலி என்ற அவரே 1955 முதல் 1976இல் இறக்கும்வரை சிக்காகோவின் மேயராக இருந்தார். இலினோய் பல்கலைக்கழக வளாகத்துக்காக ஹல் ஹவுஸ் சுற்றுவட்டாரத்தை அவரது நிருவாகம் தெரிவு செய்தது. அயலில் வாழ்ந்த பெண்கள் மாநகர மண்டபத்திலேயே அமர்ந்து போராடியும் பயன் கிட்டவில்லை. 1963இல் பதின்மூன்று கட்டடங்களில் பெரும்பாலானவை உடற்பயிற்சி மண்டபத்தோடு இடிக்கப்பட்டன. பழைய மாளிகையும் உணவு மண்டபமும் மட்டும் நூதனசாலையாக எஞ்சியுள்ளன.